பழைய செட்டுக்குப் புது ஆம்ப்: கடைக்குப் போகும் முன் மல்டிமீட்டர்

ஹாலில் ஒரு ஜோடி புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர், பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஓர் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்), டிவியிலிருந்தோ போனிலிருந்தோ வரும் பாட்டு. நம் வீடுகளில் ஸ்டீரியோ செட் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். சத்தம் பத்தவில்லை, ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது, பின்னால் ஓர் ‘ம்ம்ம்’ என்ற ஹம்மிங் என்று ஏதாவது ஒன்று தொடங்கியதும் ‘ஆம்பை மாத்திடலாம்’ என்ற பேச்சு வந்துவிடும். மாற்றலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் ஸ்பீக்கருக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று அளந்து பார்க்காமல் மாற்றினால், பத்தாயிரம் ரூபாய் செலவழித்து அதே சத்தத்தை வீட்டுக்குக் கொண்டு வருவீர்கள். அளப்பது ஒரு மணி நேர வேலை. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறோம்.

முதலில், குற்றவாளி ஆம்ப்தானா?

ஆம்பை மாற்றினால் தீரும் குறைகள் மூன்றே வகை. சத்தத்தைக் கூட்டினால் உடைகிறது. ஆம்பே இரைகிறது அல்லது பழுதாகிவிட்டது. வேண்டிய இன்புட் இல்லை. ‘பேஸ் இறங்கவே இல்லை’ என்பது இந்தப் பட்டியலில் வராது. நாலு இன்ச் ஊஃபர் உள்ள சின்னப் பாக்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸை எந்த ஆம்பாலும் வரவழைக்க முடியாது. பேச்சுக் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி முன்னால் நகர்த்திப் பாருங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், ஒரு ஷோகேஸ் என்று இருக்கும் ஹாலில் இந்த ஓரடி செய்யும் மாற்றத்தை எந்தப் புது ஆம்பும் செய்யாது.

சத்தம் பத்தவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஆம்புக்குள் போகும் சிக்னலை. ஓர் ஆம்பின் கெயின், அதாவது பெருக்கும் அளவு, 26 டெசிபல் என்றால், உள்ளே போவதை 20 மடங்காக்கி வெளியே தரும். டிவியின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து 0.3 வோல்ட்தான் வருகிறது என்றால், வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் வெளியே 6 வோல்ட்தான். 8 ஓம் ஸ்பீக்கரில் அது நாலரை வாட். ஆம்ப் 50 வாட்டாக இருந்தாலும் சரி, 500 வாட்டாக இருந்தாலும் சரி, அந்த நாலரை வாட்தான் கிடைக்கும். டிவியின் வால்யூமை 80 சதவீதத்துக்கு மேல் வைத்து, ஆம்பில் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். அல்லது டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஒரு சின்ன டிஏசி (டிஜிட்டல் சிக்னலை ஆம்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் பெட்டி) வழியாகக் கொடுங்கள். பெரும்பாலான டிஏசிகள் முழு சிக்னலில் 2 வோல்ட் தரும். இந்த ஒரு மாற்றத்தோடு பல வீடுகளில் விஷயம் முடிந்துவிடும்.

ஹம்மிங் இருந்தால் செட்டாப் பாக்ஸின் டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஹம்மிங் நின்றால் ஆம்ப் மேல் தப்பில்லை. மொட்டை மாடி டிஷ்ஷின் எர்த்தும் வீட்டு எர்த்தும் கேபிள் வழியாகச் சேர்ந்து ஒரு வட்டம் உண்டாகிவிடுகிறது. அங்கேயும் ஆப்டிகல் கேபிள்தான் மருந்து. அதில் ஒளி மட்டுமே போகிறது, கம்பி இணைப்பு கிடையாது. பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவது மருந்தே இல்லை. இரும்புப் பெட்டிக்குள் 230 வோல்ட் ஓடும் சாதனத்தின் எர்த்தை எடுப்பது உயிரோடு விளையாடுவது.

பழைய ஆம்பில் ஒரு சேனல் மெதுவான சத்தத்தில் காணாமல் போய், வால்யூமைக் கூட்டினால் ‘டப்’ என்று திரும்பி வருகிறதா? அது ஸ்பீக்கர் ரிலேயின் வேலை, அதாவது ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கும் தானியங்கி ஸ்விட்ச். ஆன் செய்து மூன்று நாலு வினாடி கழித்து ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் வருமே, அந்த ரிலே. உள்ளே இருக்கும் இரண்டு சிறு தொடுபுள்ளிகளில் கறுப்புப் படிந்திருக்கும். சின்ன வோல்டேஜால் அதைத் தாண்ட முடியாது, பெரிய வோல்டேஜ் தாண்டிவிடும். பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடமாவது விட்டு, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகு, ரிலேயின் மூடியைக் கழற்றுங்கள். தபால் அட்டைத் தடிமனில் ஒரு காகித நறுக்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தொடுபுள்ளிகளுக்கு நடுவே வைத்து, லேசாக அழுத்தி இழுத்தால் காகிதத்தில் கறுப்புக் கோடு வரும். கோடு வருவது நிற்கும் வரை புதுக் காகிதத்தால் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். உப்புத்தாளைக் கொண்டு போகாதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் இரண்டே மாதத்தில் பழைய கதைதான். மூடி ஒட்டப்பட்ட ரிலே என்றால் அதே எண்ணில் புதிது வாங்கி மாற்றுவதே சுலபம். வால்யூமைத் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனரை அந்தக் கண்ட்ரோலின் துளைக்குள் ஒரு பீய்ச்சு அடித்து, முப்பது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் குறை இருந்தால், அளக்கலாம்.

உங்களுக்கு எத்தனை வாட் வேண்டும்

கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை ஒரு நிமிட நீளத்துக்கு உருவாக்குங்கள். ஆம்ப்ளிட்யூட் என்ற இடத்தில் 0.25 என்று போட வேண்டும். முழு அளவைவிட அது 12 டெசிபல் கீழே, அதாவது வோல்டேஜில் நாலில் ஒரு பங்கு. வேவ் ஃபைலாகச் சேமித்து, நீங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் அதே கருவியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாட்டுச் செயலியில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வரும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கணக்கு பொய்யாகும்.

இப்போது உங்களுக்குப் பிடித்த, அடர்த்தியான பாட்டு ஒன்றைப் போட்டு, இதற்கு மேல் வீட்டில் வைக்கவே மாட்டோம் என்ற அளவுக்கு வால்யூமைக் கொண்டு வாருங்கள். உடைந்தால் உடையட்டும், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டை நிறுத்தி, ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, வால்யூமைத் தொடாமல் மறுபடி ஆன் செய்து டோனை ஓட விடுங்கள். (வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னல் கொடுத்தால் அதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போகும்.) மீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஒரு பக்கத்தின் சிவப்பு, கறுப்பு டெர்மினல்களில் முனைகளைத் தொடுங்கள். இரண்டு முனையும் ஒன்றோடொன்று தொட்டுவிடக் கூடாது, தொட்டால் ஷார்ட். டோனை நிறுத்தினால் மீட்டர் பூஜ்யத்துக்கு அருகில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மீட்டர் வேறெதையோ படிக்கிறது என்று அர்த்தம்.

வந்த எண்ணை 4-ஆல் பெருக்குங்கள். பாட்டின் உச்சிக்கு ஆம்ப் தர வேண்டிய வோல்ட் அதுதான். அதை அதாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் ஓமால் வகுத்தால் வாட்.

மீட்டரில் 1.6 வோல்ட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நாலு மடங்கு 6.4. அதன் வர்க்கம் கிட்டத்தட்ட 41. 8 ஓம் என்றால் 5 வாட். ஆம், வெறும் ஐந்து வாட்! பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கேட்பவர்களுக்கு இப்படித்தான் வரும், அதிர்ச்சி அடைய வேண்டாம். 3.5 வோல்ட் வந்தால் 14 வோல்ட், அதாவது இருபத்தைந்து வாட்டுக்குச் சற்றுக் கீழே. உங்கள் பழைய ஆம்ப் 8 ஓமில் 20 வாட் என்றால் அதனால் தர முடிந்தது 12.6 வோல்ட், நீங்கள் கேட்பது 14. உச்சியில் அலையின் தலை வெட்டுப்படுகிறது. காதுக்கு அது உடைவதாகக் கேட்கிறது. இந்த வீட்டுக்குப் புது ஆம்ப் உண்மையிலேயே தேவை.

பேஸ் கண்ட்ரோலைத் தூக்கி வைத்துக் கேட்பவர்கள் 50 ஹெர்ட்ஸ் டோனிலும் ஒருமுறை அளந்து, இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிறச் சின்ன மீட்டரில் ஏசியின் ஆகக் குறைந்த அளவே 200 வோல்ட். ஒன்றிரண்டு வோல்டை அது சரியாகக் காட்டாது. அதுதான் கையில் இருக்கிறது என்றால் டோனை 0.5 அளவில் செய்து, வந்ததை 2-ஆல் பெருக்குங்கள். பிழை பாதியாகக் குறையும்.

கிடைத்த வாட்டுக்கு இரண்டு மடங்கை வாங்கினால் போதும். இரண்டு மடங்கு என்பது 3 டெசிபல் தாராளம். 40 வாட் ஆம்பைக் கொடுத்துவிட்டு 50 வாட் வாங்குபவருக்குக் கிடைப்பது ஒரு டெசிபல். பாட்டுக்கு நடுவே அதைக் காது கண்டுகொள்ளாது. சத்தம் இரட்டிப்பானதுபோல் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். அந்த இடத்தில் ஆம்பைவிட ஸ்பீக்கரை மாற்றுவது மலிவு: 84 டெசிபல் சென்சிட்டிவிட்டி (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கரிலிருந்து 90 டெசிபல் ஸ்பீக்கருக்குப் போவது, ஆம்பின் வாட்டை நாலு மடங்காக்குவதற்குச் சமம்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்

பிஎம்பிஓ (விளம்பரத்துக்குப் போடும் ‘உச்ச’ வாட்) என்று போட்ட எண்ணைப் படிக்கவே வேண்டாம். அதற்கென்று எந்த அளவுமுறையும் இல்லை. 3000 வாட் பிஎம்பிஓ என்று ஒட்டியிருக்கும் செட்டின் பின்புறத்தில் ‘மின் நுகர்வு 40 வாட்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். உண்மையைச் சொல்வது அந்தச் சின்ன எழுத்துதான். நாற்பது வாட்டை வாங்கி நூறு வாட்டை எந்த ஆம்பும் தராது. அதேபோல 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரோடு வரும் ‘200 வாட்’ மினி ஆம்ப்: பன்னிரண்டு இன்டு இரண்டு, இருபத்து நாலு வாட். அதுவும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து.

ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று போட்டிருந்தாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை ஓமில்? எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில், அதாவது ஒலிச் சிதைவில்? சின்ன டி கிளாஸ் (அதிவேகமாக ஆன், ஆஃப் செய்து பெருக்கும் முறை) ஐசிக்களின், அதாவது சிப்களின், வாட் பெரும்பாலும் 10 சதவீத டிஸ்டார்ஷனில், 4 ஓமில் சொல்லப்படுவது. 10 சதவீதம் என்றால் அலை நன்றாகவே வெட்டுப்பட்ட நிலை. நேர்மையான 20 வாட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1978-இல் வந்த நாட் (NAD) பிராண்டின் 3020 ஆம்ப் நல்ல சாட்சி. லேபிளில் 20 வாட்தான், ஆனால் உலகம் முழுக்க எத்தனையோ ஹால்களை அது நிறைத்தது.

எந்த வழியில் வாங்கலாம்

பட்ஜெட் குறைவாக இருப்பவர்களுக்கு இன்று எங்கள் முதல் பரிந்துரை, அடாப்டரில் ஓடும் சின்ன டி கிளாஸ் ஆம்ப். உள்ளங்கை அளவு, சூடு குறைவு, விலைக்கு மேல் தரம். இதிலும் ஐசியையும் அடாப்டரையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டிபிஏ3116 ஐசி 24 வோல்டில் 8 ஓமுக்குப் பக்கத்துக்கு 30 வாட் வரை தரும். அளந்தபோது 15 வாட்டுக்குள் வந்த வீட்டுக்கு அது தாராளம். அதற்கு மேல் வேண்டும் என்றால் டிபிஏ3255 உள்ள ஆம்ப்: ஐயிமா ஏ07, ஃபோசி வி3 போன்றவை இந்த ஐசியில் ஓடுபவை. இவற்றில் அடாப்டர்தான் வாட்டைத் தீர்மானிக்கிறது. 32 வோல்டில் 8 ஓமுக்குச் சுமார் 55 வாட், 48 வோல்டில் 120 வாட்டை ஒட்டி வரும். ஒரே ஆம்பை இரண்டு அடாப்டர்களோடு இரண்டு விலையில் விற்பார்கள். அளந்து வைத்த எண் கையில் இருந்தால் எது போதும் என்று உடனே தெரிந்துவிடும்.

வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப் அடாப்டரும் இதற்கு ஆகும். 19 வோல்ட், 4.74 ஆம்பியர், மொத்தம் 90 வாட். டிபிஏ3116-க்கு அதைக் கொடுத்தால் 8 ஓமில் 19 வாட்டை ஒட்டிக் கிடைக்கும். பின்னின் நடுவில் பிளஸ்தானா என்று மீட்டரில் பாருங்கள். வெளி அளவு 5.5 மில்லிமீட்டராக ஒன்றுபோல் இருந்தாலும் உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை உண்டு. 2.5 துளைப் பின் 2.1 ஊசியில் தொளதொளவென்று உட்கார்ந்து, பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஆம்ப் அணைந்து மறுபடி ஆன் ஆகும். 32 வோல்ட் அடாப்டரை டிபிஏ3116 ஆம்பில் மாற்றிச் செருகிவிடாதீர்கள். அது 26 வோல்ட் வரை ஓட வேண்டியது, 30-ஐத் தாண்டினால் ஐசி போய்விடும். தனியாக அடாப்டர் வாங்கினால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளதா என்று பாருங்கள்.

இந்த ஆம்ப்களில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். இவை பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஆம்பே ஓட்டும் முறையில், ஓடுகின்றன. கறுப்பு டெர்மினல் எர்த் கிடையாது. 24 வோல்ட் கொடுத்த ஆம்பில் கறுப்புக்கும் எர்த்துக்கும் நடுவே டிசி வோல்ட் வைத்துப் பாருங்கள், 12 வோல்ட் காட்டும். சிவப்புக்கும் எர்த்துக்கும் அதே 12. இரண்டும் சமமாக இருப்பதால்தான் ஸ்பீக்கரில் டிசி ஓடாமல் இருக்கிறது. பழைய பழக்கத்தில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒன்றாக முறுக்கி ஒரே வயரில் கொண்டு வந்தாலோ, கறுப்பை ஷாசியில் (ஆம்பின் உலோகப் பெட்டியில்) தொட்டாலோ, சப் ஊஃபருக்கு இங்கிருந்து எர்த் எடுத்தாலோ ஆம்ப் கட்டாகும், அல்லது ஒரேயடியாகப் போகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி இரண்டு வயர். சப் வேண்டும் என்றால் சப் அவுட் உள்ள மாடலாக வாங்குங்கள்.

அடுத்த வழி, பழைய பிராண்டட் ஆம்ப். யமஹா, டெனான், மராண்ட்ஸ், நாட், நம் நாட்டு சோனோடைன் எல்லாம் செகண்ட் ஹாண்டில் கிடைக்கும். பழைய ஏவி ரிசீவர்களை (ஹோம் தியேட்டர் ஆம்ப்களை) எச்டிஎம்ஐ பழசாகிவிட்டது என்று மலிவாகத் தள்ளுவார்கள். ஸ்டீரியோவுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. பின்பக்கத் தகட்டை முதலில் படியுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். அதை நம் 230-இல் செருகினால் ஒரு நொடியில் புகை. அவற்றுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் தனிச் செலவு, தனி எடை. கடையில் குறைந்தது அரை மணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். ரிலே க்ளிக் கேட்கிறதா, வால்யூம் கரகரக்கிறதா, ஆகக் குறைந்த சத்தத்தில் இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா, கருகிய வாடை உண்டா, மூடியின் துளை வழியே டார்ச் அடித்தால் பெரிய கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி மில்லிவோல்ட் அளந்தால் 50-க்குள் இருக்க வேண்டும். நூறைத் தாண்டினால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

மைக் செட் ஆம்பை மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டுக்குத் தூக்கி வருபவர்கள் உண்டு. அதன் பின்னால் 4, 8, 16 ஓம் டெர்மினல்களோடு 70 வோல்ட், 100 வோல்ட் என்றும் இருக்கும். அவை ஹார்ன் ஸ்பீக்கருக்கு நீளமாக வயர் இழுக்க வைத்தவை. வீட்டு ஸ்பீக்கரை 100 வோல்டில் மாட்டினால் ஊஃபர் காயிலும் ஆம்பும் சேர்ந்து எரியும். சரியான டெர்மினலில் மாட்டினாலும் இவை பேச்சு தெளிவாகக் கேட்பதற்காகச் செய்தவை, பாட்டுக்கு இல்லை.

மூன்றாவது, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு வழி: போர்டு, டிரான்ஸ்பார்மர், கேபினெட் வாங்கி அசெம்பிள் செய்வது. சாலிடரிங் தெரிந்தவர்களுக்கு இதில் கிடைக்கும் நிறைவு வேறு. எல்எம்3886, டிடிஏ7294 இரண்டுமே நம்பகமான ஆம்ப் ஐசிகள். டிரான்ஸ்பார்மர் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் 24-0-24 என்பது ஏசி வோல்ட். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜ், அதைச் சமன்படுத்தும் ஃபில்டர் கெபாசிட்டர் இரண்டையும் தாண்டினால் 1.4 மடங்காகி ±33 வோல்ட். ராத்திரி லைனில் 250 வோல்ட் வரும் ஊர்களில் அது ±36. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இந்த இரண்டு ஐசியும் இதைத் தாங்கும். 4 ஓமுக்கு 18-0-18 வாங்குங்கள், ±25 வோல்ட் வரும். 4 ஓமை ±33-இல் ஓட்டினால் ஐசியின் பாதுகாப்பு குறுக்கிட்டு, பேஸ் அடியில் ‘பட பட’ என்று வெடிக்கும். ‘டூப்ளிகேட் ஐசி’ என்று அதைத் திட்டுவார்கள், பாவம், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

ஃபில்டர் கெபாசிட்டர் பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். 35 வோல்ட் கெபாசிட்டரை ±33-இல் போடுவது வெடி வைப்பது மாதிரி. பக்கத்துக்கு 40 வாட் ஆம்புக்கு 24-0-24, 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் குறைந்தபட்சம். 5 ஆம்பியர் நிம்மதி. காப்பர் வைண்டிங்தானா என்று கேட்டு, கையில் தூக்கிப் பாருங்கள். அலுமினியம் வைண்டிங் எடையிலேயே தெரியும். டிரான்சிஸ்டர் போர்டு என்றால் 5200, 1943 என்ற எண்ணுள்ள அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடியில் போலிகள் அதிகம். அவை மெதுவான சத்தத்தில் சமர்த்தாக ஓடி, கூட்டிய அன்று ஷார்ட்டாகி ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும். விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழுது வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு இல்லாமல் டிரான்சிஸ்டர் ஆம்பை ஸ்பீக்கரில் மாட்டவே கூடாது.

முதல் ஆன் எப்போதும் சீரிஸ் பல்போடு. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை லைன் வயரில் தொடராக இணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஆன் செய்ததும் பல்பு பளிச்சென்று எரிந்து, கெபாசிட்டர் நிறைய நிறைய மங்கி, கடைசியில் இழை லேசாகச் சிவந்தோ அணைந்தோ நின்றால் எல்லாம் சரி. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். ஒரு பல்பின் விலையில் போர்டு முழுவதும் தப்பிக்கும்.

பணம் கொஞ்சம் கூட இருந்தால், இன்புட், வால்யூம், ஆம்ப் எல்லாம் ஒரே பெட்டியில் உள்ள புது இன்டகிரேட்டட் ஆம்ப். இதில் சொல்ல அதிகமில்லை. யமஹா ஏ-எஸ்301 மாதிரியான ஒன்றில் 8 ஓமுக்கு 60 வாட், டிவிக்கு ஆப்டிகல் இன்புட், ரெக்கார்ட் பிளேயருக்கு ஃபோனோ, ரிமோட் எல்லாம் ஒரே பெட்டியில், வாரண்டியோடு. வீட்டில் எல்லோரும் கையாளும் செட்டுக்கு இதுவே தொல்லை இல்லாதது.

ஓமும் வயரும்

ஸ்பீக்கரின் பின்னால் ஸ்டிக்கர் இல்லையென்றால் வயரைக் கழற்றி மீட்டரில் ஓம் பாருங்கள். 5.5 முதல் 7 வரை காட்டினால் 8 ஓம் ஸ்பீக்கர், 3 முதல் 3.8 வரை என்றால் 4 ஓம். கார் ஊஃபர் போட்டுச் செய்த பாக்ஸ்கள் அனேகமாக 4 ஓம். ஹாலிலும் சமையலறையிலும் கேட்க வேண்டும் என்று இரண்டு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கரை ஒரே டெர்மினலில் மாட்டினால் ஆம்புக்கு அது 4 ஓம். குறைந்தபட்சம் 8 ஓம் என்று எழுதிய ஆம்ப் அதில் சூடாகி அணையும்.

வயருக்கு எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் போதும். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்வர அதன் ரெசிஸ்டன்ஸ் 0.12 ஓம்தான். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு

புது ஆம்ப் நன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட, இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே, சத்தம் கூடியது என்று புரியாவிட்டாலும், காதுக்கு அதுதான் ‘தெளிவாக’த் தோன்றும். அதே 100 ஹெர்ட்ஸ் டோனில், ஸ்பீக்கர் மாட்டிய நிலையில், இரண்டு ஆம்பிலும் டெர்மினலில் ஒரே அளவு, உதாரணத்துக்கு 1.00 வோல்ட், வரும்படி வால்யூமை வைத்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருக்கட்டும். மாற்றுவது வீட்டில் வேறொருவராக இருந்து, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் இதைச் செய்துவிடுங்கள். வித்தியாசமே தெரியவில்லை, உடைவதும் இல்லை என்றால் உங்கள் பழைய ஆம்ப் நல்ல ஆம்ப். பணத்தைத் திரும்ப வாங்கி ஸ்பீக்கருக்கு எடுத்து வையுங்கள்.

வால்யூம் பாதியைத் தாண்டியதும் உடைகிறது என்று சிலர் புது ஆம்பைத் திருப்பிக் கொடுப்பார்கள். 2 வோல்ட் டிஏசியை 20 மடங்கு பெருக்கும் ஆம்பில் மாட்டினால் கணக்கு 40 வோல்ட். 24 வோல்ட் அடாப்டரில் கிடைப்பதோ 15 சொச்சம். பாதியிலேயே கூரை முட்டிவிடும். ஆம்பில் கெயினைக் குறைக்கும் ஸ்விட்ச் இருந்தால் குறையுங்கள், இல்லையென்றால் டிஏசியின் சத்தத்தை ஆறு, எட்டு டெசிபல் இறக்குங்கள். பின்னால் கேட்கும் ‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சலும் கெயினைக் குறைத்தால் குறையும்.

கரண்ட் போய் இன்வர்டரில் ஓடும்போது மட்டும் டிரான்ஸ்பார்மர் ஆம்ப் ‘கிர்ர்’ என்றால், உங்கள் இன்வர்டர் ஸ்கொயர் வேவ், அதாவது சதுர வடிவ அலையில் கரண்ட் தரும் வகை. ஆம்பில் பழுதில்லை, அந்த நேரத்தில் அணைத்து வைப்பது டிரான்ஸ்பார்மருக்கு நல்லது.

ஷோகேஸுக்குள் வைப்பதானால் மேலே நாலு இன்ச், பின்னால் இரண்டு இன்ச் இடம் விடுங்கள். ஆம்பின் மேல் செட்டாப் பாக்ஸை ஏற்றி வைக்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். கடைசியாக, பல்லி. கதகதப்பான ஆம்ப் அதற்குப் பிடித்த வீடு. பின்பக்கத் துளை வழியே உள்ளே போய், ஃபில்டர் கெபாசிட்டரின் இரண்டு காலுக்கும் நடுவே படுத்தால் அதுவும் போகும், போர்டும் போகும். மூடியின் துளைகளுக்கு உட்புறமாக நைலான் கொசுவலைத் துண்டை ஒட்டிவிடுங்கள். உலோக வலை வேண்டாம். கழன்று விழுந்தால் அதுவே ஷார்ட். மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் வலையில் படியும் தூசியைத் தட்டுங்கள், காற்று போய்வரும்.